கடை மொத்தமும் அப்பாவோட ஒரே போன்ல ஓடுது, எப்படி பிரிக்கறது?

துண்டுவியாபாரி, ஈரோடு

வணக்கமுங்க. எங்களுது துண்டு, லுங்கி, பெட்ஷீட் மொத்த வியாபாரம். கடை, பின்னாடி சின்னதா ஒரு குடோன், அப்பாவையும் என்னையும் விட்டு ஆறு பேரு வேலைக்கு. பிரச்சனை என்னன்னா ஆர்டர் வர்ற வாட்ஸ்அப் அப்பா நம்பரு, ஜிபே அப்பா நம்பரு, பேங்க் மெசேஜு, ஜிஎஸ்டி ஓடிபி, இ-வே பில் (லாரில சரக்கு அனுப்ப ஆன்லைன்ல போடற சீட்டு) ஓடிபி எல்லாமே அந்த ஒரே போனுக்குத்தான் வருது. திங்கக்கெழம சாயந்தரம் அவரு சந்தைக்கு கெளம்பீட்டா இங்க லாரி ஆபீஸ்ல பார்சல் நிக்குது, இ-வே பில் போட ஓடிபி வேணும், போன் அடிச்சா எடுக்க மாட்டாரு, எடுத்தா பக்கத்துல இருக்கற ஆளுகிட்ட குடுத்து "அந்த நம்பர படிச்சு சொல்லப்பா"ங்கறாரு. பாஸ்வேர்டு எல்லாம் மானிட்டர் ஓரத்துல சீட்டுல ஒட்டியிருக்கு, கடைல எல்லாருக்கும் மனப்பாடம்.

இப்ப பில்லு போடற பையன் இந்த மாசத்தோட நின்னுக்கறான், கோயமுத்தூர்ல வேற வேலை கெடச்சிருச்சு. நல்ல பையன்தான், ஆனா அவன் போன்லயும் கடை வாட்ஸ்அப் ஓடுது. இதுக்கெல்லாம் சேத்தி ஏதாச்சும் ஒரு சாஃப்ட்வேர் இருக்குதுங்களா? மாசம் ரெண்டாயிரம் வரைக்கும்னா அப்பாவ ஒத்துக்க வெச்சிரலாம்.

பேரேடு

தம்பி, சாஃப்ட்வேர் அப்புறம். நான் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறேன், இந்த கதைய வாரா வாரம் கேக்கறேன். உங்களுக்கு காசே இல்லாம பாதி பிரச்சனை தீரும். இ-வே பில் சைட்ல சப்-யூசர்னு ஒண்ணு உண்டு. மெயின் லாகின் உங்க அப்பாவோடதுல இருக்கட்டும், உள்ள போய் பில் போடற ஆளுக்குன்னு தனி யூசர் உருவாக்கி, அவங்க மொபைல் நம்பரை அதுல குடுத்துருங்க. 2025 ஏப்ரல் 1 லேர்ந்து எல்லாருக்கும் ரெண்டடுக்கு லாகின் கட்டாயம் ஆக்கிட்டாங்க இல்லையா (பெரிய கம்பெனிக்கெல்லாம் அதுக்கு முன்னாடியே வந்துருச்சு), அந்த ஓடிபி ஒவ்வொரு யூசரோட சொந்த நம்பருக்கு தனியா போகும். அப்பா சந்தைல நிம்மதியா யாவாரம் பாக்கலாம். ஆள் நின்னா அந்த சப்-யூசரை முடக்கிட்டா போச்சு, மெயின் பாஸ்வேர்டை மாத்தி எல்லாருக்கும் சொல்லிட்டு திரிய வேண்டாம். யார் எந்த பில்லு போட்டாங்கன்னும் தெரியும், அது தனி நன்மை.

இன்னொண்ணு, உங்க ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன்ல எந்த மொபைலு, எந்த மெயிலு இருக்குன்னு போய் பாருங்க. பாதி பேருக்கு அதுல இருக்கறது ரெஜிஸ்ட்ரேஷன் போட்டுக் குடுத்தவரோட நம்பர்.

துண்டுவியாபாரி, ஈரோடு

அண்ணா சப்-யூசர் இருக்கறதே தெரியாதுங்க. மொபைலு அப்பாவுதுதான், மெயிலு பாத்தா யாருதுன்னே தெரியல, பழைய ஆடிட்டர் ஆபீஸோடது மாதிரி இருக்குது. அவர விட்டு வந்து ரொம்ப வருசமாச்சுங்க.

பேரேடு

நெனச்சேன். லாகின் உங்ககிட்ட இருக்கறதால சுலபம், ஜிஎஸ்டி சைட்ல நான்-கோர் திருத்தம்னு (சின்ன விவரங்களை மாத்தறது) இருக்கும், அதுல போய் அதரைஸ்டு சிக்னேட்டரியோட (கடை சார்பா கையெழுத்து போடறவரோட) மெயிலை மாத்திக்கலாம், புதுசுக்கு ஓடிபி வரும். லாகினே கைல இல்லாதவங்கன்னா வரி அலுவலகத்துக்கு ஆதாரத்தோட போய் அதிகாரி மூலமா மாத்தணும், அதுவும் நடக்கற காரியம்தான். நோட்டீஸ் எல்லாம் இப்ப மெயில்லயும் போர்ட்டல்லயும்தான் வருது, தபால்ல வரும்னு காத்திருந்து பதில் தேதி தாண்டினவங்க எத்தனையோ பேரு. மெயில் மாத்தறப்ப அப்பா பேர்லயோ உங்க பேர்லயோ குடுக்காம கடை பேர்ல புதுசா ஒண்ணு தொறந்து அதக் குடுங்க.

கல்லாப்பெட்டி

இதெல்லாம் எதுக்கு தம்பி. நம்மளுது மளிகை, எங்க அய்யா காலத்து பேரேடு நோட்டு இன்னும் ஓடுது, எவன் வந்து ஹேக் பண்ணுவான். ஆன்லைன்னு போனாலே வம்பு. ஒரு ஆப் போட்டா அதுக்கு பத்து ஓடிபி, பத்து பாஸ்வேர்டு.

லேன்வயர்

கல்லாப்பெட்டி அண்ணே, பத்து ஆப் வேண்டாம்ங்கறது சரி, அதுல நானும் உங்க கட்சி. ஆனா உங்க கடை க்யூஆர் எந்த நம்பர்ல இருக்கு, அந்த சிம் தொலைஞ்சா என்ன பண்ணுவீங்க, அதுக்கு நோட்டு பதில் சொல்லாது.

துண்டுவியாபாரி, வாட்ஸ்அப் விஷயம் சொல்றேன், நான் கடைங்களுக்கு கம்ப்யூட்டர் சர்வீஸ் பாக்கறவன். முதல்ல கடைக்குன்னு புது சிம் ஒண்ணு, ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன், அது கல்லாலேயே இருக்கட்டும் வீட்டுக்கு போகவே கூடாது. அதுல வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்க, ஃப்ரீதான். அப்பா நம்பர்ல இருக்கற பழைய கஸ்டமருக்கெல்லாம் கொஞ்ச நாளைக்கு "ஆர்டருக்கு இந்த நம்பர்"னு அனுப்பிக்கிட்டே இருக்கணும், ஒரே ராத்திரில மாறாது. அந்த ஒரு போனோட இன்னும் நாலு சாதனத்தை லிங்க் பண்ணலாம், பில் கம்ப்யூட்டர் ஒண்ணு, உங்க போன் ஒண்ணு போதும். யார்யார் லிங்க் ஆகியிருக்காங்கன்னு லிங்க்டு டிவைசஸ்ல வரிசையா காட்டும், அப்பா போன்ல அந்த பையனோடத தொட்டு லாக்அவுட் குடுத்துருங்க, அவன் போனை வாங்கவே வேணாம்.

அதே செட்டிங்ஸ்ல டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்னு இருக்கு, ஆறு இலக்க பின் கேக்கும், போட்டுட்டு மீட்க ஒரு மெயிலும் குடுங்க. இது இல்லாதப்ப என்ன ஆகும்னா எவனாச்சும் உங்க நம்பரை அவன் போன்ல போட்டுட்டு, "அண்ணே உங்களுக்கு தவறுதலா ஒரு நம்பர் வந்துருச்சு, சொல்லுங்க"ம்பான். கடைல கூட்டமா இருக்கற நேரத்துல யாராவது படிச்சு சொல்லிருவாங்க. அப்புறம் உங்க பேர்ல உங்க கஸ்டமர்கிட்டயே "அவசரமா இருபதாயிரம் போடுங்க"ன்னு கேப்பான், அவங்களும் போடுவாங்க, நீங்க கேட்டீங்கன்னுதானே நெனைப்பாங்க.

மெடிக்கல்அக்கா, திருச்சி

லேன்வயர் சொன்னதோட லேபிளையும் சேத்துக்கோங்க. நாங்க மருந்துக்கடைங்க. புது ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தாச்சு, அனுப்பியாச்சுன்னு ஒவ்வொரு சாட்டுக்கும் கலர் லேபிள் போட்டுருவோம். ராத்திரி கடை சாத்தறப்போ "பணம் பாக்கி"யை மட்டும் தொட்டா அன்னிக்கு பாக்கி வச்சவங்க வரிசையா நிப்பாங்க. தனி சாஃப்ட்வேருக்கு குடுக்கற காச இது மிச்சம் பண்ணிருச்சு. விலை, நேரம், பேங்க் விவரம் இதெல்லாம் குவிக் ரிப்ளைல போட்டு வச்சா சாய்வுக்கோடு தட்டினா வந்துரும், திரும்பத் திரும்ப டைப் அடிக்கறப்ப அக்கவுண்ட் நம்பர்ல ஒரு எண் மாறிப்போற கதையும் இல்ல.

கஸ்டமரையெல்லாம் ஒரே குரூப்ல போடாதீங்க தயவுசெஞ்சு. மொத்த வியாபாரிங்க நெறைய பேர் புது டிசைன் காட்ட குரூப் ஆரம்பிச்சு எல்லாரையும் சேத்துடறாங்க, அதுல உள்ள வந்த இன்னொரு வியாபாரி நம்பரையெல்லாம் உருவிக்கிட்டு மறுநாளே "பீசுக்கு ரெண்டு ரூபா கம்மி"ன்னு அனுப்புவான். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்க, ஒருத்தர் நம்பர் ஒருத்தருக்கு தெரியாது. ஒரு லிஸ்ட்ல 256 பேர்தான் சேக்க முடியும், உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் போகும், அதனால புது கஸ்டமர்கிட்ட "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க"ன்னு சொல்லணும்.

துண்டுவியாபாரி, ஈரோடு

அக்கா குரூப் விசயம் நெசமாலுமே நடந்துட்டு இருக்குதுங்க எங்க லைன்ல 😀 அப்பாகிட்ட சொன்னேன், "அதுதான் போன தீவாளிக்கு கேரளா பார்ட்டி நழுவிருச்சா"ங்கறாரு.

பணம் வாங்கறது எப்படி பிரிக்கறதுங்க? பசங்களுக்கு பணம் வந்துச்சான்னு தெரியணும், ஆனா அப்பா ஜிபே அவங்க கைல குடுக்க பயமா இருக்குது.

மெடிக்கல்அக்கா, திருச்சி

அப்பாவோட சொந்த ஜிபேல கடை காசு வாங்கறத முதல்ல நிறுத்துங்க. கடை பேர்ல கரண்ட் அக்கவுண்ட், அதுக்கு மெர்ச்சன்ட் க்யூஆர், ஒரு சவுண்டு பாக்ஸ். பொட்டி கத்தினா காசு வந்துச்சு, கத்தலைன்னா வரல, கஸ்டமர் காட்டற ஸ்க்ரீன பாக்கவே வேணாம். பச்சை டிக்கோட அச்சு அசலா காட்டற போலி ஆப் எல்லாம் சுத்துது. மெர்ச்சன்ட் ஆப்ல பெரும்பாலும் ஸ்டாஃப்னு தனியா சேக்க வழி இருக்கு, அவங்களுக்கு வரவு தெரியும், எடுக்க முடியாது. காலைல கடை தொறந்ததும் ஒட்டியிருக்கற க்யூஆர்ல ஒரு ரூபா போட்டு பாருங்க, மேல வேற ஸ்டிக்கர் ஒட்டிட்டு போற வேலையும் நடக்குது.

பசங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்குடுங்க: பணம் உள்ள வர்றதுக்கு பின் நம்பர் வேணாம், ஸ்கேனும் வேணாம். "ரீஃபண்டு அனுப்பறேன், பின் போடுங்க"ன்னா அது நம்ம காசு வெளிய போற வேலை. ஆளுக்கு ஆள் பணம் கேட்டு அனுப்பற கலெக்ட் ரிக்வெஸ்ட்ட 2025 அக்டோபர் 1 லேர்ந்து யுபிஐ நடத்தற என்பிசிஐ நிறுத்திட்டாங்க, ஆனா க்யூஆர் படம் அனுப்பி ஸ்கேன் பண்ண சொல்றவன் நிக்கல. ராணுவத்துல இருக்கேன், கேம்ப்புக்கு ஐம்பது பெட்ஷீட் வேணும், அட்வான்ஸ் போட க்யூஆர் அனுப்பறேன்னு உங்க லைனுக்கு கண்டிப்பா வருவான்.

பனியன்கம்பெனி

திருப்பூர்ல இருந்து. ஆர்மிக்காரன் எங்களுக்கும் வந்தான் 😂

ஆனா பெரிய அடி மெயில்லதான் விழும். நாங்க சின்னதா எக்ஸ்போர்ட் ஜாப் பண்றோம். எங்க தெருவுல ஒரு கம்பெனிக்கு நூல் சப்ளை பண்றவங்க மெயில்லயே, பழைய மெயிலுக்கு பதிலாவே, "எங்க பேங்க் மாறிருச்சு, இனிமே இந்த அக்கவுண்ட்ல போடுங்க"ன்னு லெட்டர்பேடோட பிடிஎஃப் வந்துச்சு. சீல் கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு, அக்கவுண்ட் நம்பர் மட்டும் எவனோடதோ. அந்த நூல் கம்பெனி மெயில் பாஸ்வேர்டு எவன் கைலயோ ரொம்ப நாளா இருந்திருக்கு, அவன் ஒண்ணும் பண்ணாம உக்காந்து படிச்சுட்டே இருந்துட்டு பெரிய பில்லு வர்ற நேரத்துல உள்ள வந்துட்டான். அதனால அக்கவுண்ட் மாறிருச்சுன்னு யார் எழுதினாலும், எப்பவும் பேசற பழைய நம்பருக்கு போன் போட்டு வாயால கேட்டுட்டுதான் மாத்தணும். அந்த மெயில்லயே ஒரு நம்பர் போட்டிருப்பான், அதுக்கு போட்டா அவன்தான் எடுப்பான்.

பேங்க்ல கேட்டு பாருங்க, கரண்ட் அக்கவுண்ட் நெட்பேங்கிங்ல ரெண்டு ஆள் முறை குடுப்பாங்க. கணக்கு பாக்கறவர் பேமென்ட் என்ட்ரி போடுவாரு, ஓனர் அவர் லாகின்ல இருந்து ஓகே பண்ணாத்தான் போகும். உங்க அப்பா சந்தைல இருந்தே பாத்து தட்டிரலாம்.

கல்லாப்பெட்டி

சரி காசு போயிருச்சுன்னே வச்சுக்குவோம், என்ன பண்றது? ஸ்டேஷனுக்கு போனா "நாளைக்கு வா"ங்கறான்.

பனியன்கம்பெனி

ஸ்டேஷனுக்கு முன்னாடி 1930 சைபர் புகார் லைனுக்கு போன் போடுங்க. பணம் அடுத்த அக்கவுண்டுக்கு தாவறதுக்குள்ள நிறுத்தி வைக்க சொல்ற லைன் அது, அதனால முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம். ட்ரான்சாக்ஷன் நம்பர், நேரம், தொகை கைல வச்சுட்டு பேசுங்க. கையோட பேங்க்லயும் எழுத்துல குடுக்கணும். 2017ல ரிசர்வ் பேங்க் போட்ட சுற்றறிக்கைப்படி பேங்க் தப்பும் இல்ல நம்ம தப்பும் இல்ல, நடுவுல எங்கயோ ஓட்டைன்னா 3 வேலை நாளுக்குள்ள சொன்னா நம்ம தலைல ஒண்ணும் கிடையாது. ஆனா நாமளே ஓடிபி படிச்சு சொல்லியிருந்தா, பேங்க்ல சொல்ற வரைக்கும் போனது நம்ம கணக்கு.

பேரேடு

இதோட தலைகீழ் கேஸ் ஒண்ணு இருக்கு, கடைக்காரங்கதான் மாட்டறாங்க. எவனோ எங்கயோ ஏமாத்தின காசுல உங்க கடைல சரக்கு வாங்கிட்டு யுபிஐ போடுவான். ஏமாந்தவர் புகார் குடுத்ததும் பணம் போன வழியெல்லாம் தேடி வேற மாநில சைபர் போலீஸ் சொல்லி உங்க அக்கவுண்ட்ல அந்த தொகைய, சில நேரம் அக்கவுண்ட் மொத்தத்தையும், முடக்கிருவாங்க. அப்ப உங்களை காப்பாத்தறது பில்லு. யாருக்கு, என்ன சரக்கு, எந்த தேதி, எந்த லாரி ரசீதுன்னு காட்டினாத்தான் விடுவாங்க. பெரிய தொகைக்கு பேர் நம்பர் இல்லாம "கேஷ் சேல்ஸ்"னு போடற பழக்கத்த விட்ருங்க.

அச்சகத்தார், சிவகாசி

நான் கணக்கு கம்ப்யூட்டர் பத்தி சொல்லுதேன், அத யாரும் தொடல. டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல எல்லாரும் ஒரே ஓனர் லாகின்லதான ஓட்டுதீங்க? பில் போடற ஆளுக்கு தனி யூசர் போட்டு, பின்தேதில என்ட்ரி போட விடாம அடைச்சு வைக்கலாம், உள்ளயே இருக்கு. டேலிவால்ட் பாஸ்வேர்டு (மொத்த கணக்கையும் பூட்டுதது) போட்டா மட்டும் கவனம், அது மறந்துச்சுன்னா திரும்ப எடுக்க வழியே கிடையாது.

பேக்கப்பு பென்டிரைவ்ல எடுத்து அந்த பென்டிரைவை கம்ப்யூட்டர்லயே சொருகி வச்சிருப்பாக. ரான்சம்வேர் (ஃபைலையெல்லாம் பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) வந்தா சொருகியிருக்கறதையும் சேத்துத்தான் பூட்டும். 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர் வந்து உலகம் பூரா அடிச்சதுல, அதுக்கான விண்டோஸ் அப்டேட்டு மார்ச் மாசமே வந்துருச்சு, போடாதவுகதான் மாட்டினாக. ரெண்டு டிரைவ் வாங்குங்க, இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு, எடுத்ததும் புடுங்கி ஒண்ணு வீட்டுக்கு போயிரணும். மூணாவதா ஒண்ணு கிளவுட்ல. மாசம் ஒருக்கா அந்த பேக்கப்ப வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாருங்க, திறக்காத பேக்கப்பு இருந்தென்ன இல்லாட்டி என்ன. ஜிஎஸ்டி கணக்கு ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதில இருந்து 72 மாசம் வச்சிருக்கணும்னு சட்டம், ஆறு வருசம்.

லேன்வயர்

அச்சகத்தார் அண்ணன் சொன்னதுல ஒரு சேர்க்கை. சாஃப்ட்வேர் சர்வீஸ் ஆளுங்க எனிடெஸ்க் (வேற எடத்துல இருந்தே உங்க கம்ப்யூட்டரை இயக்கற சாஃப்ட்வேர்) போட்டுட்டு, ஆள் இல்லாமலே உள்ள வர ஒரு பாஸ்வேர்டும் வச்சிட்டு போவாங்க. அவங்க வர்றது வசதிதான், ஆனா எத்தனை கடைக்கு அதே பாஸ்வேர்டுன்னு கேட்டா பதில் வராது. அந்த ஆளில்லா அக்சஸ்ஸ நிறுத்திட்டு, வேணும்ங்கறப்ப நீங்க ஓகே குடுத்து உள்ள விடுங்க, முடிஞ்சதும் மூடுங்க. கிராக் பண்ணின டேலி ஓட்டறவங்களுக்கு நான் பேக்கப்பு அட்வைஸ் குடுக்கறதே இல்ல, அந்த கிராக்கோட என்ன உள்ள வந்துச்சுன்னு யாருக்கு தெரியும்.

விண்டோஸ் 10 இன்னும் ஓட்டறீங்களா? 2025 அக்டோபர் 14 ஓட இலவச அப்டேட் முடிஞ்சுது. பேங்க் வேலை பாக்கற மெஷினையாவது மாத்துங்க.

துண்டுவியாபாரி, ஈரோடு

விண்டோஸ் 10 தானுங்க 😔 எனிடெஸ்க்கும் இருக்குது.

ஸ்டாக்கு கூகுள் ஷீட்ல போடலாம்னு இருக்கேன், குடோன்ல இருந்து பசங்க போன்லயே அடிச்சிருவாங்க. அது சரி வருமுங்களா, இல்ல காசு குடுத்து இன்வென்டரி ஆப் வாங்கறதா? பாஸ்வேர்டையெல்லாம் எங்க வெக்கறது?

மெடிக்கல்அக்கா, திருச்சி

உங்க அளவுக்கு ஷீட் போதும். லிங்க் இருக்கற எல்லாரும் திருத்தலாம்னு வைக்காம ஒவ்வொருத்தர் மெயில் ஐடி போட்டு ஷேர் பண்ணுங்க, வாங்கின விலை இருக்கற பத்திய தனி ஃபைலா வச்சு அத ஷேர் பண்ணாதீங்க. யாராச்சும் அழிச்சுட்டா வெர்ஷன் ஹிஸ்டரில போய் நேத்து இருந்த மாதிரி திருப்பிக்கலாம், யார் என்ன மாத்தினாங்கன்னும் காட்டும்.

ஒரு விஷயம், கடை போனோட வாட்ஸ்அப் பேக்கப்பு கடை மெயில் டிரைவ்லதான் ஏறும், 15 ஜிபி கணக்குல அதுவும் சேரும். சரக்கு வீடியோவா வந்து நெறைஞ்சு போச்சுன்னா புது மெயில் உள்ள வராது, அனுப்பினவங்களுக்கு திரும்பிப் போயிரும். ஜிஎஸ்டி மெயிலும் அதுக்குத்தான் வருதுன்னா யோசிச்சுக்கோங்க. பேக்கப்புல வீடியோ வேணாம்னு எடுத்துவிட்ருங்க.

லேன்வயர்

பாஸ்வேர்டையெல்லாம் பூட்டி வைக்கற பிட்வார்டன் ஆப் போடுங்க, ஃப்ரீயே போதும்.

கல்லாப்பெட்டி

நோட்டுல எழுதி பீரோல வச்சா என்ன குத்தம்?

லேன்வயர்

ஒரு குத்தமும் இல்லண்ணே, நெசமாத்தான் சொல்றேன். ஆன்லைன் திருடன் உங்க பீரோவுக்கு வரமாட்டான். மானிட்டர்ல ஒட்டறதுதான் குத்தம். மெயில், பேங்க், ஜிஎஸ்டி மூணும் வேற வேற பாஸ்வேர்டா நோட்டுல எழுதி பூட்டி வச்சாலே பாதி கடைங்களை விட நீங்க மேல. கூகுள் அக்கவுண்டுக்கு ரெண்டடுக்கு போடறப்ப பேக்கப் கோடு பத்து குடுக்கும், அதையும் பிரிண்ட் எடுத்து அதே பீரோல வைங்க. போன் தண்ணில விழுந்த அன்னிக்கு அந்த காகிதம்தான் உள்ள விடும். தெனமும் பத்து சைட் பாக்கற ஆளுக்கு நோட்டு சரிப்படாது, அவங்க பிட்வார்டன் பக்கம் வரட்டும்.

கல்லாப்பெட்டி

அப்படி வாங்க வழிக்கு 😎 எங்க க்யூஆர் என் மருமகன் நம்பர்ல இருக்குன்னு இப்பதான் பாத்தேன். அது ஒரு வேலை வச்சுட்டீங்க.

துண்டுவியாபாரி, ஈரோடு

இ-வே பில் சப்-யூசர் போட்டாச்சுங்க, ரெண்டு பேருக்கு. பையன் போன்ல இருந்து வாட்ஸ்அப்ப எடுத்தாச்சு, அவனே கூட நின்னு எடுத்துக் குடுத்தான். இன்னொண்ணு இப்பதான் தெரிஞ்சுது, கடை ஃபேஸ்புக் பேஜ் அவனோட சொந்த ஐடில ஆரம்பிச்சதாம். கடை வெப்சைட் பேரு எங்களுக்கு டிசைன் பண்ணுனவரு மெயில்ல ரெஜிஸ்டர் ஆகியிருக்குது. அதுக்கு என்ன பண்றதுங்க?

பனியன்கம்பெனி

பேஜுக்கு உன்னை முழு கன்ட்ரோலோட அட்மினா சேக்க சொல்லு, நீ ஏத்துக்கிட்டு உள்ள போய் பாத்ததும் அவன எடுத்துரு. உங்க அப்பாவையும் அட்மினா போடு, ஒரு ஆள் ஐடி முடங்கினா இன்னொருத்தர் இருக்கணும். பையன் ஊர்ல இருக்கறப்பவே முடிச்சுக்கோ, அப்புறம் போன் போட்டு கெஞ்சிட்டு இருக்கணும். வெப்சைட் பேருக்கு அந்த டிசைனர்கிட்ட உன் பேர்ல, கடை மெயில்ல மாத்திக் கேளு. பாக்கி ஏதாச்சும் இருந்தா அத குடுத்துட்டு கேளு, இல்லாட்டி இழுப்பாரு. அடுத்த ரெனியூவல் தேதியும் அவர்கிட்டயே கேட்டு வாங்கிக்கோ.

துண்டுவியாபாரி, ஈரோடு

பாக்கி இருக்குதுங்க 😅 அப்பா தான் "இன்னும் ரெண்டு பக்கம் சேத்திக் குடுக்கட்டும்"னு நிறுத்தி வெச்சிருக்காரு. நாளைக்கு பேசி குடுத்தரலாம்.